இலக்கணப் பிழையில்லாத லேப்டாப்

எங்கள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் இருந்த உறவு, ஸ்டாஃப் ரூம் மூலையில் இருந்த மானிட்டரின் தலைமேல் என் சாப்பாட்டுப் பையை வைப்பதோடு முடிந்துவிடும். தட்டை மானிட்டர் வந்த பிறகு அதற்கும் வழியில்லாமல் போயிற்று. என் பெயர் வாகீஷ். வாக்குக்கு அதிபதி என்று அர்த்தமாம். அப்பா பெயர் வைத்த நேரத்தில் யாரோ பின்னாலிருந்து சிரித்திருக்க வேண்டும்.

கர்நாடகத்துத் தாவணகெரேயில் ஆங்கில இலக்கணம் நடத்தி வயிறு வளர்ப்பவன் நான். ஒப்பீட்டுப் பாடம் வந்தால் போதும், ராமன் கிருஷ்ணனைவிட உயரம், இரும்பு பஞ்சைவிடக் கனம், எவரெஸ்ட் எல்லாவற்றையும்விட உயரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போவேன். மாணவர்களும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்கள். இருதரப்பும் நிம்மதியாக இருந்த காலம் அது.

அதைக் கெடுத்தவர் பிரின்சிபால் ஹாலப்பா. ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பி, மேசைமேல் கிடந்த புதிய பாடத்திட்டத்தை என் பக்கம் தள்ளினார்.

"மேஷ்ட்ரே, இனிமே உங்க ராமன், கிருஷ்ணன், எவரெஸ்ட் எல்லாம் கிடையாது. கம்ப்யூட்டர் டிப்ளமா பசங்களுக்குக் கம்ப்யூட்டர் விஷயத்தை வச்சேதான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கணுமாம். ஒப்பீட்டுப் பாடத்துலேருந்து ஆரம்பிங்க."

"சார், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். பசங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். ரெண்டையும் சேர்த்தா சரியாப் போச்சு."

"ஏதாவது தப்பாச் சொல்லிட்டேன்னா?"

"இத்தனை வருஷமா சரியாத்தானே சொன்னீங்க? எவன் இங்கிலீஷ் பேசினான்?"

வாக்குக்கு அதிபதி 'சரி சார்' என்றான். பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று வீட்டில் உட்கார்ந்து தயாரித்தேன். ஹார்ட் டிஸ்க், ரேம் என்று இரண்டு பொருள்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன என்று புத்தகம் சொன்னது. அகராதியில் ரேம் என்றால் செம்மறிக் கடா என்று போட்டிருந்தது. அது உதவவில்லை. ஹார்ட் டிஸ்க் உள்ளே சுழலும் என்றும், ரேம் அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் என்றும் இன்னொரு பக்கத்தில் படித்தேன். சுழல்வது வேகமா, குந்தியிருப்பது வேகமா? இதற்கு டிப்ளமா வேண்டுமா என்ன? மறுநாள் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ஹார்ட் டிஸ்க் ரேமைவிட வேகமானது.

வகுப்பு அதைப் படித்தது. பிறகு சிரித்தது. முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பின்வரிசை அந்த மரியாதையையும் பார்க்கவில்லை. அந்தப் பின்வரிசையிலிருந்துதான் கொட்ரேஷ் எழுந்தான். ஒரு வருஷமாக அவன் என் வகுப்பில் ஆங்கிலத்தில் பேசியது 'பிரசன்ட் சார்' ஒன்றுதான். அதுவும் சில நாள் வேறொருவனுக்காக.

"நோ சார்! ரேம் இஸ் மோர் ஃபாஸ்டர்!"

"'மோர்' வேண்டாம்டா. ஃபாஸ்டர்னாலே அதுல 'மோர்' இருக்கு."

"ஃபாஸ்டர் சார்! மச் ஃபாஸ்டர்!"

"எதைவிட? அந்த 'விட'வுக்கு 'தேன்' போட்டுச் சொல்லு."

"ஃபாஸ்டர் தேன் ஹார்ட் டிஸ்க் சார்!" என்று கத்திவிட்டு, தான் முழுசாக ஒரு ஆங்கில வாக்கியம் சொல்லிவிட்டதை நினைத்துத் தானே பயந்து உட்கார்ந்துவிட்டான்.

அதற்குள் நேத்ராவதி என்ற பெண் எழுந்து, சுழலாத ஹார்ட் டிஸ்க் கூட இப்போது வந்துவிட்டது, பழையதைவிட அதுதான் வேகம் என்றாள். யாரோ தன் ஃபோனின் மெமரி நம் லேப் கம்ப்யூட்டரைவிட அதிகம் என்றான். உன் ஃபோன்தான் உலகத்திலேயே மட்டமான ஃபோன் என்றான் இன்னொருவன். 'மோஸ்ட் ஒர்ஸ்ட்' என்றான், நான் 'மோஸ்ட்'டைப் பிடுங்கினேன். அவன் 'ஒர்ஸ்ட்' மட்டும் சொல்லிவிட்டு இன்னும் சத்தமாகத் திட்டினான். மணி அடித்தபோது தொண்டை கட்டிப்போய் நின்றேன். அறுபது பேரும் தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வகுப்பு லெக்சரர் வந்து, "என்ன மேஷ்ட்ரே, ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டார்.

அன்றைக்கு எனக்கு ஒரு வழி கிடைத்தது. கம்ப்யூட்டரைப் பற்றிப் பொய்யாக ஒரு வாக்கியம் எழுத வேண்டியது, அவர்கள் அதை மறுத்துக் கூச்சல் போடுவார்கள், நான் கூச்சலுக்குள் புகுந்து 'மோர்', 'மோஸ்ட்'டைத் திருத்த வேண்டியது. இந்த முறைக்குப் பெரிய தயாரிப்பு எதுவும் தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதினாலே பொய்யாக இருந்தது.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. கொட்ரேஷ் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினான். சாயங்காலத்தில் அவன் பி.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறான் என்று தெரிந்தது. எந்தப் பெயரைச் சொன்னாலும் அதைவிட வேகமானது, அதைவிட மலிவானது, இருப்பதிலேயே நல்லது என்று அவனிடம் பதில் தயாராக இருந்தது. 'மோர் ஃபாஸ்டர்' மெல்ல மெல்ல அவன் வாயிலிருந்து உதிர்ந்துபோயிற்று. வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமுக்குப் போகும்போது என் நடையே மாறியிருந்தது என்று மற்றவர்கள் பின்னால் சொல்லிக் கேட்டேன்.

பிறகு பிரின்சிபால் இன்னொரு குண்டைப் போட்டார். புது முறையில் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்கப் பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வருகிறாராம்.

"போர்டுல எழுதினா நல்லா இருக்காது மேஷ்ட்ரே. லேப்டாப்பு, திரை, படம்னு அசத்திடுங்க. சொந்தமா ஒரு லேப்டாப் வாங்கிடுங்களேன். இந்தக் காலத்துல லேப்டாப் இல்லாத லெக்சரர் நீங்க ஒருத்தர்தான்."

பழைய ஸ்கூட்டரை மாற்றுவதற்காக வைத்திருந்த பணம் இருந்தது. மனைவி மங்களாவிடம் சொல்லாமல் ஒரு வேலையை நானே முடித்துக் காட்டலாம் என்றும் ஓர் ஆசை. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆசை எனக்கு அவ்வப்போது வருவதுண்டு.

பி.பி. ரோட்டுக் கடைக்குள் நான் நுழைந்ததும் கொட்ரேஷ் நீலச் சட்டையில் ஓடிவந்தான். அவன் முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க இங்கிலீஷ் சார்ண்ணா!" என்று அவரிடம் கன்னடத்தில் சொன்னவன், என் பக்கம் திரும்பி முதுகை நிமிர்த்தி ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்.

"சார், திஸ் மாடல் இஸ் ஃபாஸ்டர் தேன் ஆல் அதர் மாடல்ஸ் இன் அவர் ஷாப்."

என் காதில் பாயசம் ஊற்றியது போலிருந்தது. 'ஆல் அதர்' என்று சொல்கிறான்! 'அதர்' விட்டுப்போய் எத்தனை பட்டதாரிகள் விழுந்திருக்கிறார்கள்!

"இட் இஸ் லைட்டர் தேன் எ டெஸ்க்டாப், சார்."

"பேஷ்."

"தி பேட்டரி லாஸ்ட்ஸ் லாங்கர் தேன் தி ஓல்ட் மாடல். தி பிரைஸ் இஸ் லோயர் தேன் தி பெங்களூர் பிரைஸ். இட் ஹேஸ் தி பிரைட்டஸ்ட் கீபோர்ட், சார்."

வேறு பொருள் வாங்க வந்த ஒரு தம்பதி நின்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளி கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். கொட்ரேஷ் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஒவ்வொரு 'தேன்'னும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. 'குட்'டுக்கு 'பெட்டர்', 'பெட்டரு'க்கு 'பெஸ்ட்'. எனக்குக் கண் கலங்கிவிட்டது. லேப்டாப்பை நான் ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதையே எடுத்துக்கறேன்பா," என்றேன்.

"வேற ரெண்டு மூணு காட்டறேனே சார்?"

"வேண்டாம். இதைவிடச் சரியா யாரும் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். மங்களா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காபி கலந்துகொண்டிருந்தாள். மண்டிப்பேட்டையில் பெரிய சேலைக் கடையில் பட்டுப் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பு. கடைக்குள் நுழையும் பெண்ணின் செருப்பைப் பார்த்தே எந்த அலமாரியைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள்.

பொத்தானை அழுத்தினேன். உள்ளே காற்றாடி ஒன்று சிவமொக்கா பஸ் கிளம்புவது போல் உறுமியது. கீபோர்டு முழுக்கச் சிவப்பு, பச்சை, ஊதா என்று விளக்குகள் அலை அலையாக ஓடின.

மங்களா டம்ளரோடு வந்து நின்றாள்.

"ஏங்க, இது என்ன, தேர் அலங்காரமா?"

"லேப்டாப். பாடம் நடத்தறதுக்கு."

"பாடத்துக்கு எதுக்குங்க சீரியல் லைட்டு?"

"கடையிலேயே இதுதான் பிரகாசமான கீபோர்டு," என்றேன், கொஞ்சம் கெத்தாக.

அவள் ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு இரண்டு கையாலும் தூக்கினாள்.

"இந்தக் கனம் கனக்குது!"

"சேச்சே. இது லேசானது. கொட்ரேஷே சொன்னான்."

"எதைவிட லேசு?"

"டெஸ்க்டாப்பைவிட."

மங்களா என்னையே பார்த்தாள். "எருமையைவிடக் கன்னுக்குட்டியும் லேசுதான். அதுக்காகத் தோள்ல மாட்டிக்கிட்டு காலேஜுக்குப் போவீங்களா?"

நான் காலிப் பெட்டியை மடிக்க ஆரம்பித்தேன்.

"பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குமாம்?"

"ரொம்ப நேரம். பழைய மாடலைவிட."

"பழைய மாடல் எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

அதை நான் கேட்கவில்லை. விலை பெங்களூரைவிடக் குறைவு என்பதையும் சொல்லிப் பார்த்தேன். பெங்களூரில் விலை என்ன என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை. இதே கேள்வியை வகுப்பில் தொண்டை கிழியக் கேட்பவன் நான்தான். 'தேன்' போட்டானா என்று பார்த்தேனே தவிர, 'தேன்'னுக்குப் பின்னால் எதைப் போட்டான் என்று பார்க்கத் தோன்றவில்லை.

"ஆனா மங்களா, ஒரு தப்பு இல்லாமப் பேசினான். ஒரு தப்புகூட இல்லை."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நான் இருபது வருஷமா சேலை விக்கறேன். இப்படி ஒரு கிராக்கி எனக்கு வாய்க்கலையே! பையன் பலே ஆளுங்க. வாத்தியாருக்கு எது ருசிக்கும்னு தெரிஞ்சு பரிமாறியிருக்கான். நாளைக்கு வாங்க, நானும் அவனைப் பார்க்கணும்."

மறுநாள் சாயங்காலம் நான் கன்றுக்குட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போக, மங்களா முன்னால் கடைக்குள் நுழைந்தாள். கொட்ரேஷ் பெட்டியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"சார்," என்றான் மெதுவாக. "எங்க சார் தப்பு விட்டேன்?"

எனக்குப் புரியவில்லை.

"'லாஸ்ட்ஸ் லாங்கர்'னு சொன்னது தப்பா சார்? ராத்திரியெல்லாம் அதையே யோசிச்சேன். 'மோர் லாங்'னு வருமோன்னு."

லேப்டாப்பை நான் திருப்பிக் கொண்டுவந்தது அவனுடைய இலக்கணப் பிழைக்காக என்று நினைத்துவிட்டான்.

"தப்பு எதுவும் இல்லடா," என்றேன். "எல்லாம் சரி."

"அப்புறம் ஏன் சார்?"

மங்களாதான் குறுக்கே வந்தாள். "தம்பி, உண்மையைச் சொல்லு. இதை வித்தா உனக்கு முதலாளி தனியா ஏதாவது தர்றாரா?"

"இல்ல ஆன்ட்டி."

"அக்கான்னு சொல்லு."

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அப்ப இந்தத் திருவிழாவை இவர் தலையில ஏன் கட்டின? இது பசங்க விளையாடற மெஷின்தானே? எங்க கடைப் பொண்ணோட தம்பி இதே மாதிரி வச்சிருக்கான்."

கொட்ரேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "எங்க கடையில இருக்கறதுலயே பெஸ்ட் இதுதான்க்கா. ஷோகேஸ்ல பூட்டி வச்சிருப்போம். சாருக்குப் போய் சாதாரண மாடலைக் காட்டறதா? முதலாளிகூடக் கேட்டாரு, அவருக்கு இது எதுக்குடான்னு. எங்க சாருன்னா இதுதான்னு நான்தான் எடுத்தேன்."

மங்களா என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'பலே ஆள்' என்ற அவள் கணக்கும் தவறிப்போன சங்கடம் அந்தப் பார்வையில் தெரிந்தது. எனக்கோ, இந்தக் கனமான சனியனை மறுபடியும் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றியது. ஒரு மனிதனை முட்டாள் என்று எல்லோரும் சேர்ந்து நிரூபிக்கிற இடத்தில் இப்படி யாராவது மரியாதை காட்டிவிட்டால் அவன் என்னதான் செய்வான்?

"சரி, அந்தப் பாசத்தை அப்படியே வச்சுக்க," என்றாள் மங்களா, குரல் தணிந்து. "இப்ப எனக்கு விக்கற மாதிரி காட்டு. இவர் செய்யப்போறது எழுதறது, படம் காட்டறது, அவ்வளவுதான். ஒத்தைக் கையால தூக்கணும். சத்தம் வரக் கூடாது. லைட்டு எரியக் கூடாது."

அவன் சின்னதாக, சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தான். இந்த முறை ஆங்கிலம் பேசவில்லை. "இது சுமாரானதுதான்க்கா. ஆனா சாருக்குப் போதும்," என்றான். இவ்வளவு நேர்மையான வாக்கியத்தை என்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை. முதலாளி பெரிய மனசு பண்ணி மாற்றிக்கொடுத்தார். மங்களா விடவில்லை, பையும் மௌஸும் இலவசமாக வாங்கினாள். மிச்சப் பணத்தையும் என் பைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டாள். கிளம்பும்போது கொட்ரேஷிடம், "டிப்ளமா முடிச்சு வேலை கிடைக்கலைன்னா எங்க கடைக்கு வா. பட்டுப் பிரிவுல போடறேன்," என்றாள்.

பெங்களூர் மேடம் வந்த அன்று சாம்பல் நிற லேப்டாப் எந்தச் சத்தமும் இல்லாமல் வேலை செய்தது. நான்தான் நிறையச் சத்தம் போட்டேன். அவசரத்தில் இரண்டு படங்கள் தலைகீழாக வந்தன. மேடம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாணவர்கள் பக்கம் திரும்பி, உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி சூப்பர்லேடிவ் என்ற மிகை ஒப்பீடு வைத்து யாராவது பேசுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கொட்ரேஷ் எழுந்தான்.

"எங்க சாரோட முதல் லேப்டாப்தான் தாவணகெரேயிலேயே பவர்ஃபுல்லான லேப்டாப், மேடம்," என்றான் ஆங்கிலத்தில். "ஒரே ஒரு ராத்திரிதான் அவர்கிட்ட இருந்தது."

மேடம் சிரித்துவிட்டு மேலே கேட்டார். அவன் முழுக் கதையையும் சொன்னான். தேர் அலங்காரம், கன்றுக்குட்டி எல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று விளங்கவில்லை. மங்களா வேலையிலிருந்து வருகிற வழியில் அவன் கடையில் நின்று சொல்லியிருப்பாள். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. பின்னால் நின்ற ஹாலப்பா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நான் கையில் குச்சியோடு திரைக்குப் பக்கத்தில், திரையில் வந்த இன்னொரு படம் மாதிரி நின்றேன்.

"அதை வாங்கின நேரத்துல," என்று கொட்ரேஷ் முடித்தான், "ஹி வாஸ் தி மோஸ்ட் ஹேப்பியஸ்ட் மேன், மேடம்."

'மோஸ்ட்' வரக் கூடாது. அறுபது பேரும் நான் திருத்துவேன் என்று என்னைப் பார்த்தார்கள். மேடமும் பார்த்தார். எனக்கு அந்த ஒரு தடவை திருத்த வாய் வரவில்லை.

அந்த மேடம் எழுதிய அறிக்கையால் எனக்குப் புதிதாக ஒரு தண்டனை வந்தது. மாணவர்களை இவ்வளவு பேசவைக்கும் முறையை மற்றக் கல்லூரி ஆங்கில லெக்சரர்களுக்கும் நான் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். சித்ரதுர்காவில் ஒருநாள் பயிற்சி. சுற்று வட்டாரத்திலிருந்து முப்பது பேர், எல்லோரும் என்னைப் போலவே இலக்கணத்தில் ஊறி உப்புக்கண்டம் ஆனவர்கள், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். என் லேப்டாப் அங்கிருந்த புரொஜெக்டரோடு பேச மறுத்துவிட்டது. வயரைப் பிடுங்கி மாட்டினேன், அணைத்துப் போட்டேன், திரையைத் தட்டினேன். மங்களாவுக்கு ஃபோன் போட்டால், "முகூர்த்த சீசனுங்க, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள். கொட்ரேஷுக்கு அன்றைக்குப் பரீட்சை.

வேறு வழி தெரியாமல் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து வைத்தேன். "மன்னிச்சுக்குங்க, இந்த மெஷின் இஸ் கிளெவரர் தேன் மீ," என்றேன்.

முதல் வரிசையில் இருந்த ஒரு வயதான லெக்சரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"'தேன் மீ' இல்லை சார். 'தேன் ஐ'."

"யார் சொன்னது?" என்றார் மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா. "பேச்சுல 'தேன் மீ'தான் சரி."

"'தேன் ஐ ஆம்'னு முடிக்கணும். வாக்கியம் தொங்கக் கூடாது."

"அப்படி எந்த வெள்ளைக்காரன் பேசறான், காட்டுங்க பார்க்கலாம்!"

"மோர் கிளெவர்னு சொல்றதா, கிளெவரர்னு சொல்றதா? முதல்ல அதை முடிவு பண்ணுங்க!"

முப்பது பேரும் எழுந்துவிட்டார்கள். ஹரிஹரா லெக்சரர் ஒருவர் நாற்காலிமேல் ஏறினார். அறையின் பாதி 'மீ' பக்கமும் பாதி 'ஐ' பக்கமும் நின்றது. நான் லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்பது யாருக்கும் நினைவில் இல்லை. மதியம் சித்ரான்னம் வந்தபோது இலையைக் கையில் பிடித்துக்கொண்டும் சண்டை போட்டார்கள். என்னிடம் தீர்ப்புக் கேட்டு வந்தவர்களிடம், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சித்ரான்னம் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் கருத்துத் தாள் நிரப்பிக் கொடுத்தார்கள். இதுவரை நடந்த பயிற்சிகளிலேயே இதுதான் மிகச் சிறந்தது என்று பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். நான் தாவணகெரே பஸ்ஸில் ஏறிய பிறகும் இரண்டு பேர் ஜன்னலுக்கு வெளியே நின்று, என்னைக் கவனிக்காமல், ஒருவர் முகத்துக்கு நேராக ஒருவர் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.